முன்பக்கம் சாய்ந்த பிக்கப்: ஆறு சுற்று திருகியதும், அதே ஆறு சுற்றைத் திருப்பிக் கழற்றியதும்

என்னுடையது இரட்டைக் கேபின் பிக்கப். பழைய தலைமுறை வண்டி, அதனால் முன்னால் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார்தான். பின்னால் பட்டை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங். கொஞ்ச நாளாகவே முன்பக்கம் டிரைவர் சைடு தாழ்ந்து நிற்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. தள்ளி நின்று பார்த்தால் பம்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஒருநாள் டேப்பை எடுத்து தரையிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். கிளீனர் சைடைவிட டிரைவர் சைடு 24 மி.மீ. குறைவு. ஏறக்குறைய ஒரு அங்குலம்.

இந்தச் சாய்வைச் சரிசெய்ய நான் முதலில் செய்த வேலை தவறானது. அதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

டார்ஷன் பார் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். சுருண்டு கிடக்கும் ஸ்பிரிங்கை நீட்டி நேராக்கினால் கிடைக்கும் கம்பிதான் அது. ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் பல்லோடு பல்லாகக் கோர்த்திருக்கும் (என் வண்டியில் கீழ் ஆர்மில்), மறுமுனை பின்னால் சேஸில் ஒரு சிறிய ஆங்கர் ஆர்மில் உட்கார்ந்திருக்கும். சக்கரம் ஏறி இறங்கும்போது கம்பி முறுக்கிக்கொள்கிறது, அந்த முறுக்குதான் வண்டியைத் தாங்குகிறது. ஆங்கர் ஆர்மின் நுனியில் ஒரு நீண்ட போல்ட் உண்டு. அதை இறுக்கினால் அந்தப் பக்கம் உயரும், தளர்த்தினால் தாழும். காயில் வண்டிக்காரர்கள் ஸ்பேசர் (இடையில் வைக்கும் தகடு) வாங்கி, ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த கட்டு) கழற்றி, ஸ்பிரிங்கை அழுத்திப் படும் பாடு எதுவும் இங்கே இல்லை. ஒரு ஸ்பேனர் போதும். அந்த வசதிதான் என்னை அவசரப்பட வைத்தது.

டிரைவர் சைடு போல்ட்டைத் திருகினேன். ஒரு சுற்று, அளவு, இன்னொரு சுற்று, அளவு. ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு பக்கத்துக்குமான வித்தியாசம் மூன்றரை மி.மீ. அளவுக்குத்தான் குறைந்தது. இதே மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு சுற்றுக்கு 6 மி.மீ. வரை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் எனக்குப் பாதிதான் கிடைக்கிறது என்று அப்போதே நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. ஆறு சுற்று போனதும் வித்தியாசம் 3 மி.மீ.க்கு வந்தது, கண்ணுக்கு மட்டமாகத் தெரிந்தது, சரி முடிந்தது என்று கருவிகளை எடுத்து வைத்துவிட்டேன்.

அடுத்த பத்து நாளில் மூன்று விஷயம் கவனித்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது டிரைவர் சைடு முன்சக்கரத்திலிருந்து ‘டங்’ என்று ஒரு இரும்புச் சத்தம். ஸ்டீயரிங் ஒரு பக்கமாக லேசாக இழுத்தது. மூன்றாவதுதான் பயமுறுத்தியது: சரளைக்கல் பாதையில் கொஞ்சம் அழுத்தமாக பிரேக் போட்டபோது கிளீனர் சைடு முன்சக்கரம் மட்டும் முதலில் பூட்டிக்கொண்டு சறுக்கியது. இதற்கு முன்னால் அந்த வண்டி அப்படிச் செய்ததே இல்லை.

சத்தத்துக்குக் காரணம் உடனே கிடைத்தது. முன்சக்கரம் கீழே தொங்குவதற்கு ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையில் ஒரு ரப்பர் கட்டை ஆர்மைத் தடுத்து நிறுத்தும். வண்டி சாதாரணமாக நிற்கும்போது ஆர்முக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்க வேண்டும். திருகித் திருகி உயர்த்தியதில் டிரைவர் சைடில் என் ஒரு விரல்கூட நுழையாத அளவுக்கு அது சுருங்கியிருந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்க முயன்றதும் கட்டையில் மோதுகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். டார்ஷன் பாரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும், அதனால்தான் வண்டி குலுங்குகிறது என்று பலர் சொல்வார்கள். கம்பியின் கடினம் அதன் தடிமனையும் நீளத்தையும் இரும்பின் தன்மையையும் பொறுத்தது, போல்ட்டைத் திருகுவதால் அது மாறாது. நிற்கும் உயரம்தான் மாறுகிறது. குலுக்கல் வருவது பெரும்பாலும் சக்கரம் கீழே இறங்குவதற்கு இடமில்லாமல் போவதால்.

சத்தமும் இழுப்பும் சரி, பிரேக் விஷயம் ஏன் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. நான்கு கால் மேசை ஒன்று ஆடுகிறது என்றால் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்போம். அந்த அட்டையைக் கொஞ்சம் தடிமனாக வைத்துவிட்டால் அந்தக் காலும் அதற்கு எதிர் மூலைக் காலும் எடையை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் சும்மா தொட்டுக்கொண்டு நிற்கும். வண்டியும் அப்படித்தான். டிரைவர் சைடு முன்மூலையை நான் தூக்கியதில் அந்தச் சக்கரமும் கிளீனர் சைடு பின்சக்கரமும் கூடுதல் எடையை ஏற்றுக்கொண்டன. கிளீனர் சைடு முன்சக்கரம் லேசாகிவிட்டது. லேசான சக்கரம் முதலில் பூட்டும். மட்கார்டு மட்டமாக இருப்பதற்காக நான்கு சக்கரத்தின் பிடிப்பைக் கெடுத்து வைத்திருந்தேன்.

சரியாக அளப்பது

இந்த முறை ஸ்பேனரைத் தொடும் முன் அளவை ஒழுங்காக எடுப்பது என்று முடிவு செய்தேன். அதற்கே ஒரு முழுநாள் போனது, ஒரு நிமிடம்கூட வீண் இல்லை.

முதலில் தரை. தட்டையாகத் தெரியும் சிமென்ட் தளத்தை நம்பக் கூடாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை எடுத்து, அதாவது தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், நான்கு டயர் நிற்கும் இடத்தையும் ஒப்பிட்டேன். தளம் முழுதாக ஒரு பக்கம் சரிந்திருந்தால்கூட பெரிய கேடில்லை, வண்டியும் அதோடு சேர்ந்து சரிந்து நிற்கும். ஒரே ஒரு டயர் மட்டும் பள்ளத்தில் நின்றால்தான் வம்பு, அது வண்டியையே முறுக்கிவிடும். என் தளத்தில் பின்பக்க டிரைவர் சைடு டயர் நின்ற இடம் 5 மி.மீ. பள்ளம். அங்கே பிளைவுட் துண்டு ஒன்றை வைத்து நிரவினேன். அதிலேயே முன்பக்க வித்தியாசத்தில் 2 மி.மீ. போனது.

டயர் காற்று நான்கிலும் குளிர்ந்த நிலையில் சரிபார்த்தேன், ஒரு அச்சின் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், ஒரே அளவு டயர், ஏறக்குறைய ஒரே தேய்மானம். டேங்கில் பாதி எரிபொருள். டேங்க் என் வண்டியில் டிரைவர் சைடில்தான் தொங்குகிறது, ஆகவே ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பின்தொட்டியில் டிரைவர் சைடில் வருடக்கணக்காக ஒரு கனமான கருவிப்பெட்டி கிடந்தது, அதை இறக்கினேன். வண்டிக்குள் யாரும் இல்லை.

அடுத்து மட்கார்டு. அதன் விளிம்பிலிருந்து அளப்பது எல்லாரும் செய்வது, ஆனால் மட்கார்டு என்பது போல்ட்டில் தொங்கும் ஒரு தகடு, அவ்வளவுதான். என் கிளீனர் சைடு மட்கார்டு ஒரு இடிக்குப் பிறகு மாற்றப்பட்டது. போல்ட்டுகளைப் பார்த்தால் அடியில் இரண்டிரண்டு வாஷர் போட்டு ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆகவே தகட்டை விட்டுவிட்டு சேஸையே அளக்க ஒரு வழி செய்தேன். நேரான அலுமினியச் சதுரக் குழாய் ஒன்றை முன்பக்கம் இரண்டு சேஸ் கட்டைக்கும் அடியில் குறுக்காக வைத்து கிளாம்ப் போட்டேன், இரண்டு நுனியும் சக்கரத்தின் அகலம் வரை நீண்டிருக்கும்படி. இதே போல் பின்பக்கமும் ஒன்று. குழாய் நுனியிலிருந்து தரைக்கு அளந்தால் சேஸ் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பொய்யில்லாமல் தெரிந்துவிடும். மட்கார்டு மட்டும் 5 மி.மீ. பொய் சொல்லியிருந்தது.

அளக்கும் முன் ஒவ்வொரு முறையும் வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையையும் அமுக்கி ஆட்டிவிட வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உரசி மாட்டிக்கொள்ளும் வழக்கம் உடையவை. ஆட்டாமல் எடுத்த அளவுக்கும் ஆட்டிய பிறகு எடுத்த அளவுக்கும் எனக்கு 4 மி.மீ. வரை வித்தியாசம் வந்தது. மூன்று முறை எடுத்து நடு எண்ணை வைத்துக்கொண்டேன்.

இப்படி அளந்தபோது, ஆறு சுற்று திருகிய நிலையில், முன்பக்கம் டிரைவர் சைடு 4 மி.மீ. உயர்ந்து நின்றது, பின்பக்கம் அதே டிரைவர் சைடு 3 மி.மீ. தாழ்ந்து நின்றது. முன்னால் ஒரு திசை, பின்னால் எதிர்த்திசை. சேஸ் என்பது ஏணி மாதிரி, கொஞ்சம் முறுகும். ஈரத்துணியைப் பிழிவது போல இரண்டு முனையும் அதை முறுக்கிக்கொண்டிருந்தன என்று அப்போதுதான் உறைத்தது.

எந்த அச்சின் குற்றம்

இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம் இதுதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். சேஸ் ஓரளவு விறைப்பானது. பின்பக்கம் ஒரு பட்டை தளர்ந்து டிரைவர் சைடு சாய்ந்தால் வண்டி முழுவதுமே சாயும், முன்பக்கமும் சேர்ந்துதான். முன்பக்க டார்ஷன் பார் தளர்ந்தாலும் அதே தோற்றம்தான். உயரத்தை மட்டும் அளந்து எந்த அச்சு குற்றவாளி என்று சொல்லவே முடியாது. முன்பக்கச் சாய்வு பம்பரிலும் விளக்கிலும் பளிச்சென்று தெரிகிறது, பின்பக்கத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆகவே பழி முன்பக்கத்தின் மேல் விழுகிறது.

இரண்டையும் பிரித்துக் கேட்க ஒரு வழி உண்டு. பின்பக்கம் சேஸின் நடுக் குறுக்குக்கட்டையில், சரியாக நடுப்புள்ளியில், ஜாக்கியை வைத்துப் பின்சக்கரங்கள் தரையை விட்டு எழும்வரை தூக்க வேண்டும். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் சாய்க்கும் உரிமை அதற்கு இல்லை. வண்டி எப்படிச் சாய்கிறதோ அது முழுக்க முழுக்க முன்பக்க ஸ்பிரிங்குகளின் வேலை. அப்புறம் இதையே திருப்பி, முன்பக்கத்தை நடுவில் தூக்கிப் பின்பக்கத்தை அளக்க வேண்டும்.

செய்யும்போது கவனம். ஒற்றைப் புள்ளியில் நிற்கும் வண்டி இருபுறமும் ஆடும், அதற்காகத்தான் செய்கிறோம். ஆகவே இரண்டு சேஸ் கட்டைக்கும் அடியில் ஸ்டாண்டு வைத்து, தொடாமல் இரண்டு விரல் இடைவெளி மட்டும் விட வேண்டும், ஜாக்கி நழுவினால் ஸ்டாண்டு தாங்கட்டும். வண்டிக்கு அடியில் போகக் கூடாது, அளவெல்லாம் வெளியிலிருந்துதான். இன்னொன்று: ஹேண்ட்பிரேக் பெரும்பாலான பிக்கப்களில் பின்சக்கரத்தைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்துக்கு அர்த்தமே இல்லை. முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்தே ஆக வேண்டும்.

பின்பக்கத்தை நடுவில் தூக்கினேன். சக்கரங்கள் எழும்ப எழும்ப முன்பக்கம் கண்ணெதிரே சாய்ந்தது, கிளீனர் சைடு பக்கமாக. முன்குழாயை அளந்தால் டிரைவர் சைடு 28 மி.மீ. உயரம். இவ்வளவு அதிகமாக நான் முறுக்கி வைத்திருந்ததைப் பின்பக்கம் எதிர்த்து இழுத்துப் பிடித்து மட்டமாகக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே, வண்டிக்கு அடியில் போகாமல் வெளியிலிருந்தே எட்டி, ஆறு சுற்றையும் திருப்பிக் கழற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் 6 மி.மீ. சுளையாக இறங்கியது. பின்பக்கத்தின் பிடி இல்லாததால் முழு அளவும் கிடைத்தது. முதல்நாள் எனக்குப் பாதி மட்டும் கிடைத்ததன் காரணம் இதுதான், மீதிப் பாதியைப் பின்பட்டைகள் விழுங்கிக்கொண்டிருந்தன.

போல்ட் பழைய இடத்துக்கு வந்ததும் முன்பக்கத்தின் சொந்தச் சாய்வு தெரிந்தது. டிரைவர் சைடு 8 மி.மீ. தாழ்வு.

அப்புறம் முன்பக்கத்தை நடுவில் தூக்கினேன். பின்பக்கம் டிரைவர் சைடு 29 மி.மீ. தாழ்ந்து உட்கார்ந்தது.

நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது இந்த இரண்டும் கலந்துதான் முன்பக்கத்தில் 17 மி.மீ. சாய்வாகத் தெரிந்திருக்கிறது. அதற்கு மேல் மட்கார்டின் 5, தரையின் 2. கூட்டினால் டேப் முதல்நாள் காட்டிய 24. எண்கள் இப்படிக் கச்சிதமாகப் பொருந்தியதைப் பார்த்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது, காரணம் இனி ஊகிக்க வேண்டியதில்லை.

பட்டைக்குள் இருந்தது

பின்பட்டைகளை நான் முன்பே டார்ச் அடித்துப் பார்த்திருந்தேன். உடைந்தது எதுவும் தெரியவில்லை. பட்டை வேலையில் பழுத்த ஒரு அண்ணனிடம் அளவுகளைக் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டு, “தம்பி, வெளிய தெரியுற பட்டை உடையாது. யூ போல்ட்டுக்கு அடியில இருக்குல்ல, அங்கதான் உடையும். கழட்டிப் பாத்துட்டுப் பேசுவோம்” என்றார்.

யூ போல்ட் என்பது பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் U வடிவ போல்ட். கழற்றினோம். டிரைவர் சைடு பட்டைக் கட்டில் மூன்றாவது பட்டை நடு போல்ட் துளையின் குறுக்காக இரண்டாகப் போயிருந்தது. துளை இருக்கும் இடம்தான் பட்டையின் பலவீனமான இடம், யூ போல்ட் தளர்ந்திருந்தால் நெளிவு முழுவதும் அங்கே போய்ச் சேரும். உடைந்த முகம் துருப்பிடித்து, ஒன்றோடொன்று உரசி வழவழவென்று ஆகியிருந்தது, ரொம்ப நாளாகவே அப்படித்தான் ஓடியிருக்கிறது. மேலும் கீழும் இருந்த பட்டைகள் இறுக்கிப் பிடித்திருந்ததால் வெளியே எதுவும் தெரியவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தால் ஒரு அடையாளம் இருந்தது, அந்தப் பட்டையின் நுனி மற்றவற்றைவிட மூன்று நான்கு மி.மீ. பக்கவாட்டில் விலகி நின்றது. அதை நான் தயாரிப்பின் கோணல் என்று நினைத்து விட்டிருந்தேன்.

இரண்டு பட்டைக் கட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி, கண்ணுக்குக் கண் (பட்டையின் இரு முனையிலும் உள்ள வளையம்) நூல் கட்டி நடுவில் வளைவின் ஆழத்தை அளந்தோம். கிளீனர் சைடு 142 மி.மீ., டிரைவர் சைடு 119. உடைந்த பட்டை ஒரு பக்கம் இருக்க, வளைவே 23 மி.மீ. தளர்ந்துவிட்டது. டேங்க், கருவிப்பெட்டி, டிரைவர் எல்லாம் வருடக்கணக்காக ஒரே பக்கம்.

இரண்டு பக்கமும் புதுக்கட்டு போட்டேன். ஒரு பக்கம் மட்டும் புதிது போட்டால் சாய்வு எதிர்ப்பக்கம் திரும்பும், அப்புறம் அதைத் துரத்த வேண்டும். யூ போல்ட்டும் புதிது, ஏனென்றால் ஒருமுறை முழு இறுக்கத்தில் இழுபட்டு நீண்டுவிட்ட போல்ட் மறுபடி அதே பிடியைத் தராது. கண் போல்ட்டையும் ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் தொங்கல்) போல்ட்டையும் முதலில் சும்மா பிடிக்கும் அளவுக்கு மட்டும் முடுக்கி, வண்டியை இறக்கி, எடை முழுவதும் சக்கரத்தில் வந்த பிறகு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பேனர்) இறுக்கினோம். அதன் காரணம் அடுத்துச் சொல்லப்போகும் முன்பக்க விஷயத்தில் இருக்கிறது.

பின்பக்கம் புதிதானதும் வண்டியின் பின்புறம் 11 மி.மீ. உயர்ந்தது. இங்கே பலரும் தவறவிடும் ஒன்று: எடைக்கேற்ப பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று பல பிக்கப்களில் சேஸில் இருக்கும், ஒரு கம்பியால் அச்சோடு இணைந்திருக்கும். பின்பக்கம் உயர்ந்தால் வண்டி காலியாக இருக்கிறது என்று அது எடுத்துக்கொண்டு பின்பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை மாற்றினால் அந்தக் கம்பியின் நீளத்தையும் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு வைக்க வேண்டும். வைத்தோம்.

முன்பக்கத்தின் மிச்சம் 8 மி.மீ.

இது சின்ன எண், ஆனால் இதற்குள்ளும் ஒரு கதை இருந்தது. டார்ஷன் பாரைத் தொடும் முன் ஸ்டெபிலைசர் பாரை, அதாவது இரண்டு முன்சக்கரங்களையும் இணைத்து வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பியை, சோதித்தேன். ஒரு பக்க லிங்க்கைக் கழற்றி, வண்டி தரையில் நிற்கும்போதே போல்ட்டைத் திரும்பச் செருகினால் தள்ளாமல் போக வேண்டும். போனது. பார் வளைந்திருந்தாலோ லிங்க் நீளம் மாறியிருந்தாலோ அது ஒரு பக்கத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். இங்கே அது நிரபராதி.

டார்ஷன் பார்களின் முனையில் இருக்கும் இடது வலது குறியையும் துடைத்துப் பார்த்தேன். இவை தயாரிக்கும்போதே ஒரு திசையில் முறுக்கிப் பழக்கப்பட்டவை, இடம் மாற்றிப் போட்டால் தளர்ந்துவிடும், உடையவும் செய்யும். என்னுடையவை சரியான பக்கத்தில்தான் இருந்தன.

கிளீனர் சைடு கீழ் ஆர்மை ஒரு பணிமனையில் இரண்டு வருடம் முன்பு மாற்றியிருந்தார்கள். அந்த ஆர்மின் உள்முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைப் பார்த்தேன். ரப்பரில் சுற்றுவாட்டில் வெடிப்பு, அதுவும் கிளீனர் சைடில் மட்டும். உடனே புரிந்தது. இந்தப் புஷ்ஷில் ரப்பர், உள் குழாயோடும் வெளி வளையத்தோடும் ஒட்டியே இருக்கும், வழுக்கிச் சுழலாது. ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுகுகிறது. போல்ட்டை எந்த உயரத்தில் இறுக்குகிறோமோ அதுதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டி ஜாக்கியில் ஏறி சக்கரம் கீழே தொங்கும்போது இறுக்கிவிட்டால், தொங்கும் நிலையே ஓய்வு நிலை ஆகிவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டு ஆர்மைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும், அதாவது வண்டியை மேலே தூக்கிக்கொண்டே இருக்கும். யாரும் கேட்காத ஒரு கூடுதல் ஸ்பிரிங். கிளீனர் சைடு உயர்ந்து நின்றதில் இதற்குப் பங்கு இருந்தது.

வண்டியைச் சக்கரத்தோடு உறுதியான கட்டைகளின் மேல் ஏற்றி, எடை சக்கரத்தில் இருக்கும்போதே அந்த ஆர்மின் இரண்டு போல்ட்டையும் தளர்த்தினேன். தளர்ந்த நொடியில் ஒரு சின்ன முனகல் சத்தத்தோடு அந்தப் பக்கம் இறங்கியது. உருட்டி, ஆட்டி, மறுபடி இறுக்கிவிட்டு அளந்தால் 8 மி.மீ. 3 ஆகிவிட்டது. வெடித்த புஷ்ஷைப் பிறகு மாற்றினேன், புதிதையும் எடை சக்கரத்தில் இருக்கும்போதே இறுக்கினேன்.

மிச்சம் 3 மி.மீ.க்குத்தான் டார்ஷன் பார் போல்ட். முதல் நாளிரவே கம்பித் தூரிகையால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். எந்த இடத்தில் இருந்தது என்று தெரிய வெள்ளை பெயின்டால் ஒரு கோடு. சக்கரத்தை எழுப்பி, கம்பியின் முறுக்கு குறைந்த பிறகுதான் திருகினேன். முழு எடையில் திருகினால் மரை கழன்றுபோகும், காற்றில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்சை இங்கே கிட்டவே கொண்டுவரக் கூடாது. டிரைவர் சைடு அரைச் சுற்று. அவ்வளவுதான் தேவைப்பட்டது. முதலில் நான் திருகியது ஆறு.

முன்னால் காயில் ஸ்பிரிங் உள்ளவர்களுக்கு இந்தக் கடைசிக் கட்டம் மட்டும்தான் வேறு, முன்னால் சொன்ன சோதனை எல்லாம் அப்படியே பொருந்தும். அவர்களுக்குச் சாய்வைச் சரிசெய்வது ஒரு பக்கம் போடும் மெல்லிய ஸ்பேசர். ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், ஸ்ட்ரட்டின் தலையில் 5 மி.மீ. தகடு வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் கிடைக்கும். இதைத் தெரியாமல் 20 மி.மீ. வித்தியாசத்துக்கு 20 மி.மீ. தகடு போட்டு எதிர்ப்பக்கம் சாய்த்துக்கொண்டவர்கள் உண்டு. சில தயாரிப்பாளர்கள் இடதுக்கும் வலதுக்கும் வேறு வேறு ஸ்பிரிங்கே கொடுக்கிறார்கள், எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும், இடம் மாறினால் அதுவே சாய்வு.

உயரம் மாறினால் கேம்பரும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) டோவும் (சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிற்கும் கோணம்) மாறும், ஆகவே எல்லாம் முடிந்த பிறகுதான் வீல் அலைன்மென்ட். பட்டை உட்காரும் முன் அவசரமாகச் செய்தால் அந்த வேலை வீண். புதுக்கட்டு போட்டு 500 கி.மீ. ஓட்டியபின் யூ போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பார்த்தேன், நான்கில் இரண்டு மட்டும், கால் சுற்று அளவுக்கு இன்னும் இறுகின. பின்பக்கம் அதற்குள் 6 மி.மீ. இறங்கி உட்கார்ந்திருந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவில். அதன் பிறகு அலைன்மென்ட், கூடவே முகப்பு விளக்கின் உயரமும்.

அதே சரளைப் பாதையில் வெவ்வேறு வேகத்தில் பிரேக் போட்டுப் பார்த்தேன். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாகத்தான் பிடித்தன. ‘டங்’ சத்தம் இல்லை. ஸ்டீயரிங் நேராக நிற்கிறது.

கடைசியாக அளந்தபோது பாதி டேங்க்கில் முன்பக்க வித்தியாசம் 1 மி.மீ., பின்பக்கம் 2. டேங்க்கை நிரப்பி நானும் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் சைடு 4 மி.மீ. இறங்குகிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன். கருவிப்பெட்டியைத் தொட்டியின் கிளீனர் சைடுக்கு மாற்றி வைத்தேன். கிளீனர் சைடு மட்கார்டின் வாஷர்களை இன்னும் எடுக்கவில்லை, அதனால் விளிம்பில் டேப் வைத்தால் இன்றைக்கும் 5 மி.மீ. கூடுதலாகத்தான் காட்டும்.